கணக்குக் கம்ப்யூட்டரில் கலப்பு ரேம்

பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தில் இன்று நம் எல்லோர் கடையிலும் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 2007 ஜனவரியில் வாட் வரி வந்தபோது தயங்கியவர்கள்கூட, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு டேலிக்கு மாறிவிட்டார்கள். விருதுநகர் பருப்பு, வத்தல், எண்ணெய் வியாபாரமானாலும், சிவகாசி பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் வியாபாரமானாலும், பில் போடும் பெட்டி நின்றால் லோடு ஏற்றிய லாரியும் வாசலில் நிற்கும்.

இந்தப் பெட்டி இரண்டு மூன்று வருடத்தில் மெதுவாகிவிடுகிறது. சர்வீஸ் பார்க்க வரும் தம்பி, "இன்னொரு ரேம் போட்டால் சரியாகிவிடும் அண்ணாச்சி" என்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். எந்த ரேம் போடுகிறார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுவதும் தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் சிப் சரக்கை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, குரூசியல் என்ற பெயரில் சில்லரைக்கு விற்று வந்த ரேம் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறினால் கலப்பு வரும் என்பதை மண்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய பெட்டியில் கழற்றிய ஸ்டிக்கை, நம் பெட்டியில் இருப்பதோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கலக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற வகைகள் ஒன்றோடொன்று சேராது. அடியில் உள்ள வெட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. அழுத்திச் செருகினால் போர்டு போய்விடும். ஒரே வகையில் கம்பெனி வேறாக, அளவு வேறாக இருந்தால் பல சமயம் ஓடவே செய்யும். 2400 வேக ஸ்டிக்கும் 3200 வேக ஸ்டிக்கும் சேர்ந்தால் இரண்டும் 2400-ல் ஓடும். இரட்டை மாட்டு வண்டி எந்த மாட்டின் நடைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாததா? எனவே, "இரண்டு கம்பெனி சரக்கு சேரவே சேராது" என்று பயங்காட்டி இரண்டு புது ஸ்டிக்கை நம் தலையில் கட்டப் பார்ப்பதும் நியாயமில்லை.

நாம் கவலைப்பட வேண்டியது, ஓடியும் ஓடாமலும் இருக்கும் கலப்பைப் பற்றித்தான். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் அதன் வேகம், தாமதக் கணக்கு, மின் அளவு ஆகியவை ஒரு சின்ன சிப்பில் பதிவாகியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் போர்டு இவற்றைப் படித்து எல்லா ஸ்டிக்குக்கும் பொதுவாக ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறது. அந்த ஏற்பாடு ஒரு ஸ்டிக்குக்கு மயிரிழையில் பொருந்தாமல் போனால், காலையில் நன்றாக ஓடுவது, நம்மூர் மதிய வெயிலில் வேலை கூடும்போது தகராறு செய்யும். தனித்தனியே போட்டால் இரண்டும் நல்ல ஸ்டிக்தான். சிவகாசிக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். கந்தகத்துக்கும் உபயோகம் உண்டு, குளோரேட்டுக்கும் உபயோகம் உண்டு. பட்டாசு மருந்தில் இரண்டையும் கலக்கக் கூடாதென்று 1992-ல் மத்திய அரசு தடை போட்டது.

திரை நீலமாகி நின்றுவிட்டால் தப்பித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் எண்ணை மாற்றிவிட்டால்? 2003 மே மாதம் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் நடந்த தேர்தலில், மின்னணு எண்ணிக்கையில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு அதிகமாக விழுந்திருந்தது. விழவே முடியாத அளவு என்பதால் அகப்பட்டது. புரோகிராமில் பிழை எதுவும் கிடைக்கவில்லை. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் மாறியிருக்க வேண்டும் என்பதுதான் கொடுக்கப்பட்ட விளக்கம். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போனால் பதின்மூன்றாவதாக வருவது 4096. அங்கே கலப்பு ரேம் காரணமல்ல. ஆனால் ஒரு பிட் புரண்டால் கணக்கு என்னாகும் என்பது தெரிகிறது. இத்தகைய பிழையைத் தானே திருத்தும் ரேம் பெரிய சர்வர்களில் உண்டு. நம் மேசைக் கம்ப்யூட்டர்களில் பொதுவாகக் கிடையாது.

எங்கள் கடையில் ஒரு தீபாவளி சீசனில் கூடுதல் ஸ்டிக் போட்ட பிறகு கணக்கு ஃபைல் ஒரே வாரத்தில் இரண்டு முறை திறக்க மறுத்தது. போட்டவர், சாஃப்ட்வேர் கோளாறு என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார், அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு. வேறொருவர் வந்து அந்த ஸ்டிக்கை மட்டும் கழற்றியதும் பெட்டி சாதுவாகிவிட்டது. நடுவில் பார்ட்டி பாக்கிகளைக் கையால் சரிபார்க்க நான்கு நாள் போனது. பாழான கணக்கை பேக்கப் எடுத்தால் பேக்கப்பும் பாழ். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு நாளிலிருந்து 72 மாதம் நாம் கணக்கைப் பாதுகாத்தாக வேண்டும்.

ஆகவே கணக்குப் பெட்டிக்கு மட்டுமாவது, ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வரும் ஸ்டிக்குகளை வாங்குவதே முறை. கம்பெனியே சேர்த்துச் சோதித்து அனுப்பியவை அவை. விலை கட்டுப்படியாகாமல் கலப்பதானால், பெட்டியைத் திறக்குமுன் பேக்கப் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். போட்ட பிறகு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே ஒரு மெமரி சோதனை இருக்கிறது. அவசரத்துக்கு அது போதும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ஜோடி வேண்டாம். "ஒன்றுதானே" என்பவரிடம், தராசு ஒரு மூட்டைக்கு மட்டும் தப்பாகக் காட்டினால் வைத்துக்கொள்வாரா என்று கேளுங்கள்.

நமது சங்கத்தில் கம்ப்யூட்டர் கடைக்காரர்களும் உறுப்பினர்கள்தாம். ஸ்டிக்கின் கம்பெனி, அளவு, வேகம், புதியதா பழையதா என்பதை பில்லில் எழுதித் தரவும், சோதனையில் தேறாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் அவர்கள் சம்மதிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம். நாம் விற்கும் உளுந்துக்கு ரகம் எழுதித்தானே பில் போடுகிறோம்.

கழற்றிய பழைய ஸ்டிக் நல்லதாக இருந்தால் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டருக்கு ஆகும். அங்கே நின்றுபோனால் மறுபடி சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம்.