ஒரு தடவை குட்டி போடட்டுமே!

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்!" நாய்க்குக் கருத்தடை என்றாலே வீட்டில் கிளம்பும் வசனம். எங்கள் வீட்டிலும்தான். போட்டது, ஐந்து. இரண்டு கடுவனுக்கு உடனே ஆள் வந்தாச்சு. மூன்று பொட்டைக்குட்டி? ராத்திரியோடு ராத்திரியாக அட்டைப்பெட்டியில், குப்பைத்தொட்டி ஓரம். நாங்களேதான் வைத்தோம். இப்போ யார் பாவம்?

நாய்க்குத் தாய்மை ஏக்கம் என்பதெல்லாம் நாம் கட்டிய கதை மக்கா. கருத்தடை செய்யாத பொட்டைக்கு வயதானால் கருப்பையில் சீழ் பிடித்து உயிரே போகலாம். நாட்டு நாய்க்கு ஆறு மாத வாக்கில், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்துவிடலாம். லாப்ரடார் மாதிரி பெரிய ஜாதிக்கு மூட்டு வளரணும், ஒரு வயது வரை பொறுப்பது நல்லது. எதற்கும் டாக்டரைக் கேளுங்கள்.

தெருநாயைக் கொல்லாதே, கருத்தடை செய் என்று 2001லேயே மத்திய அரசு விதி போட்டாச்சு. அந்தத் தெருநாய் எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்தும்தான். திட்டுவதென்றால் திட்டுங்கள்.