எந்த கியரில் நிற்கிறது வண்டி?

சிக்னலில் சிவப்பு. நியூட்ரல்தான் என்று நம்பி கிளட்ச்சை விடுகிறார் ஓட்டுநர். வண்டி ஒரு துள்ளு துள்ளி, முன்னால் நிற்கும் ஆட்டோவின் முதுகில் முட்டுகிறது.

பழைய நான்கு கியர் புல்லட்காரர்களுக்கு இது புதிதல்ல. கியர் லீவர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நடுவில் பொய் நியூட்ரல்கள் வேறு. வேகத்தையும் கியரையும் காட்டும் டிஜிட்டல் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆசை இங்கிருந்துதான் பிறக்கிறது. 2005இல் ஆர்டுயினோ பலகை வந்தபின் கணக்குப் போடுவது சுலபம். ஆனால் சென்சார் உளறினால் பெட்டியும் உளறும்.

முதலில் வேகம். மலிவானது ரீட் ஸ்விட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு உலோக நாக்குகள். காந்தம் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். சைக்கிளுக்குச் சரி. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் அவை தானாகவே தட்டிக்கொண்டால், நிற்கும் வண்டி ஓடுவதாகக் காட்டும். ஒளி சென்சாரைக் குருடாக்க ஒரு மழைநாள் சேறு போதும். விலை குறைந்த ஜிபிஎஸ் பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறைதான் கணக்கைப் புதுப்பிக்கும். சுரங்கப்பாதையில் அதுவும் இல்லை.

மிஞ்சுவது ஹால் சென்சார். அமெரிக்க விஞ்ஞானி எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவில் இயங்குவது. உரசும் பாகம் கிடையாது. சேற்றுக்கும் எண்ணெய்க்கும் அசராது. ஏ3144 என்ற எண்ணில் விற்கும் சில்லு 4.5 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும். அதன் எண் பொறித்த முகத்துக்குக் காந்தத்தின் தென்முனையைக் காட்ட வேண்டும். வடமுனையைக் காட்டிவிட்டு சில்லைத் திட்டிப் பயனில்லை. வெளியீட்டுக் காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுடன் இணைக்க மறந்தாலும் இதே கதைதான். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும் என்பதால் பிரேக் டிரம் பக்கம் ஒட்டக்கூடாது.

19 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2 மீட்டர் கடக்கிறது. ஒரே காந்தம் வைத்து, விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணினால், ஒரு துடிப்பு கூடினாலே வேகம் 7 கி.மீ. தாவும். அதற்குப் பதில் இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளக்கலாம்: 60 கி.மீ. வேகத்தில் அது 120 மில்லி விநாடி. திரை நிதானமாக நகரும். நடை வேகத்தில் மட்டும் துடிப்புக்கு ஒன்றரை விநாடி காத்திருக்க வேண்டும். நான்கு காந்தம் வைத்தால் அதுவும் தீரும்.

கியர்தான் வம்பு. எஞ்சின் சுற்றைச் சக்கரச் சுற்றால் வகுத்தால் ஒவ்வொரு கியருக்கும் ஓர் எண் வரும். அழகான யோசனைதான். கிளட்ச்சைப் பிடித்தால் கணக்கு குலைகிறது. வண்டி நின்றால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். பதில் தேவைப்படும் சிக்னலிலேயே கைவிரித்துவிடும். லீவர் மேலும் கீழும் போவதை எண்ணுவது இன்னும் மோசம்: ஒரு பொய் நியூட்ரல் போதும், அதன்பின் எல்லாமே தப்பு.

கியர் பெட்டிக்குள் கியருக்கு ஒரு நிலையாகத் திரும்பும் டிரம்மின் அச்சு வெளியே எட்டினால், அதில் ஒரு காந்தம், சுற்றிலும் ஐந்து ஹால் சென்சார். எட்டாவிட்டால் நியூட்ரலுக்கு மட்டும் தனி ஸ்விட்ச், ஓடும்போது வகுத்தல் கணக்கு. பழைய ஸ்பீடோமீட்டரைக் கழற்றக்கூடாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைக் கேட்கின்றன. நின்ற வண்டியில் நியூட்ரல் ஸ்விட்ச் சொல்லாதவரை திரையில் வெறும் கோடு தெரிந்தால் போதும்.