துறையறிந்தார் சொல்லும் ஊரார் ஐயமும்

சேலத்தினின்று ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதை அடிவாரத்தில் தொடங்குகின்றது. இத்தகைய மலையடிகளில் இரவு தங்கினால் காய்ச்சல் பற்றும் என்பது நெடுங்காலப் பட்டறிவு. அது பொய்யன்று. இடத்தையும் பொழுதையும் சரியாகவே சொன்னது. கரணியத்தை மட்டும் காற்றின்மேல் ஏற்றியது. மேலை மருத்துவரும் அவ்வாறே தவறினர். 'மலேரியா' எனும் இத்தாலியச் சொல்லுக்குத் 'தீய காற்று' என்பதே பொருள்! (முறைக்காய்ச்சல் என்னும் நம் சொல்லில் அப் பிழை இல்லை.)

1880-இல் அல்சீரியாவில் இலாவரான் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டபோது துறையினர் பலர் ஏற்றிலர். 1897 ஆகசுட்டு 20-இல் செகந்தராபாத்தில் இரொனால்டு இராசு, கொசுவின் வயிற்றுச் சுவரில் அதனைக் கண்டார். மறு ஆண்டே, பறவைக் காய்ச்சல் கொசுக்கடியால் பரவுவதைக் கல்கத்தாவில் காட்டினார். மாந்தரிடத்தும் அஃதே உண்மையென இத்தாலியர் மெய்ப்பித்தனர். இராசும் இத்தாலியரான கிராசியும் பெருமை யாருக்கென்று கடும்பகை கொண்டனர். ஆயினும் கொசுவைப் பற்றி இருவர்க்கும் மாற்றுக் கருத்தில்லை.

"வல்லுநரும் தவறினரே, அவரை ஏன் நம்புவது?" என்பார்க்கு இதுவே விடை. அவர் தவற்றைத் திருத்தியது அரசாணையுமன்று, ஊர்ப்பேச்சுமன்று. அத் துறையின் ஆய்வே. தனியொருவர் சொல் வேறு. பகைவரும் சோதித்து ஒப்பிய முடிபு வேறு.

1958-இல் இந்திய அரசு இந் நோயை அறவே ஒழிக்கத் திட்டமிட்டது. 1960-களின் நடுவில் ஆண்டிற்கு ஏறத்தாழ ஓரிலக்கமாகக் குறைந்த நோயாளர் தொகை, 1976-இல் 64 இலக்கமாகப் பெருகிற்று. கண்டறிந்ததில் பிழையில்லை; ஒழியும் என வாக்களித்ததிலேயே பிழை. இவ்விரண்டையும் பிரித்தறிதல் பொதுமக்கட்கு அரிதன்று.

இக் காய்ச்சலின் ஒரு வகையில், சூடு சில நாளில் தணிந்த பின்னும் 14 நாள் மாத்திரை தருகின்றனர். வீண்வேலை என எறிபவர் பலர். கல்லீரலில் ஒட்டுண்ணி உறங்கிக் கிடப்பதையும் திங்கள் சில கழித்து விழித்தெழுவதையும் உழவர் எவ்வாறு காண்பார்? ஆய்ந்தாரை நம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் ஆங்கிலச் சீட்டை நீட்டி "விழுங்கு" என்றால் நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்? உறங்கும் ஒட்டுண்ணியைப் பற்றித் தமிழில் இரண்டு வரி சொல்ல மாட்டாதார், நோயாளியின் அறியாமையைப் பழிப்பது முறையோ? அவ் விரண்டு வரியை மருந்துறை ஒவ்வொன்றின் மேலும் நலவாழ்வுத் துறை நல்ல தமிழில் அச்சிடுக.