ப்ளூ கட் கண்ணாடி போட்டா கண் எரிச்சல் போயிடுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

நைட் ஷிஃப்ட் முடிச்சு லேப்டாப்பை மூடும்போது கண்ணுக்குள்ள மணல் விழுந்த மாதிரி ஓர் உறுத்தல். ஐடி, கால் சென்டர், அக்கவுண்ட்ஸ், எங்களை மாதிரி நியூஸ் டெஸ்க் என ஸ்க்ரீன் முன்னாடி உட்காரும் எல்லாருக்கும் பழகிப்போன விஷயம்தான் இது. கண்ணாடிக் கடைக்குப் போனா, "கம்ப்யூட்டர் வேலையா? அப்போ ப்ளூ கட் போட்டுக்கோங்க" என்பார்கள். கூடவே நீல லேசர் பேனாவை லென்ஸ் மேல அடிச்சுக் காட்டுவாங்க. வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது. பார்த்ததும் நம்பிடுவோம். நானும் அப்படி நம்பி, கூடுதல் காசு கொடுத்து வாங்கினவன்தான்.

ஆனா, கண் எரிச்சலுக்குக் காரணம் அந்த நீல வெளிச்சமா?

17 ஆய்வுகள்... ஒரே கேள்வி

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2023 ஆகஸ்ட்டில் இது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 6 நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால், ப்ளூ கட் லென்ஸால் கண் சோர்வு குறைய வாய்ப்பில்லை என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. தூக்கம் நல்லா வருமா என்றால், அதிலும் ஆய்வுக்கு ஆய்வு பதில் மாறுது. இவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், அதிகபட்சம் 5 வாரம் நடந்தவை என்பதையும் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

நம்ம கண்ணுக்கு வரும் நீல ஒளியில் பெரும்பங்கு சூரியனிடமிருந்துதான் வருது. பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால், ஸ்க்ரீனிலிருந்து வருவது சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் இந்த லென்ஸ்கள் பொதுவாகத் தடுப்பது 10 முதல் 25 சதவீதம் மட்டுமே.

அப்போ கடையில் காட்டிய லேசர்? அந்தப் பேனா பொதுவாக ஊதாவை ஒட்டிய, 405 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தரும். அதை லென்ஸ் நல்லாவே தடுக்கும். ஆனா ஸ்க்ரீனின் நீல ஒளி உச்சத்தில் இருப்பது 450 நானோமீட்டர் பக்கம். அதில் பெரும்பகுதி லென்ஸைத் தாண்டி வந்துவிடும். காட்டுவது ஒண்ணு, விற்பது ஒண்ணு!

பிரிட்டனில் இந்த லென்ஸ் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரம் செய்ததற்காக, பூட்ஸ் ஆப்டிசியன்ஸ் நிறுவனத்துக்கு 2017-ல் 40,000 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது.

இமைக்க மறக்கும் கண்கள்

உண்மையான சிக்கல் வேற இடத்தில் இருக்கு. சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 15 தடவை கண் இமைக்கிறோம். ஸ்க்ரீனைப் பார்க்கும்போது இது 5 முதல் 7 தடவையா குறைஞ்சிடும். இமைப்பதும் பாதியிலேயே நின்னுடும், மேல் இமை கீழ் இமையை முழுசா தொடாது.

தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்ற கால அளவே ஒரு தடவை கண் இமைக்கும் நேரம்தான். அவ்வளவு இயல்பா நடக்கும் ஒன்றைத்தான் ஸ்க்ரீன் முன்னாடி மறந்துபோறோம்.

ஒவ்வொரு இமைப்பும் கண் மேல ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலத்தைப் பூசும். அதில் மேலே இருக்கும் எண்ணெய்ப் பசைதான் நீர் ஆவியாகாம காக்கும். இமைப்பது குறைஞ்சா படலம் அங்கங்கே உடைந்து, கண் காயும். ஏசி காற்று நேரா முகத்தில் அடிச்சா இன்னும் சீக்கிரம் காயும். சிலருக்குக் கண் காய்ஞ்சதுமே நீரா கொட்டும். "எனக்குத்தான் தண்ணி வருதே, வறட்சி எப்படி?" என்று கேட்பவர்கள் இவர்கள்தான். உறுத்தலுக்குப் பதிலா கண் அனுப்பும் அவசர நீர் அது.

ஸ்க்ரீனைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை நீள தூரத்தில் வையுங்கள். பார்வை தாழ்ந்தால் கண் திறந்திருக்கும் பரப்பும் குறையும், காய்வதும் குறையும். ஏசி காற்று வரும் பக்கத்தையும் திருப்பி விடுங்கள்.

20-20-20 என்பது?

20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்க்கச் சொல்லும் வழக்கம் இது. கிட்டப் பார்வைக்காக இறுகியிருக்கும் கண் தசை தளரும் என்பது கணக்கு. 20 என்ற எண் ஞாபகம் வைக்க வசதியானது, அவ்வளவுதான். 25 நிமிஷம் ஆனா ஒண்ணும் ஆகாது, எழுந்து ஜன்னல் பக்கம் போங்க.

40 வயதை ஒட்டியவர்களுக்கு ஒரு விஷயம். வெள்ளெழுத்து ஆரம்பிச்சிருந்தா எத்தனை பிரேக் எடுத்தாலும் தலைவலி போகாது. கண் பரிசோதனை செய்து, ஸ்க்ரீன் தூரத்துக்கு ஏற்ற பவர் வாங்குவதுதான் வழி.

மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கலாமா?

இதில்தான் உண்மையான ஆபத்து. கண் சிவந்திருக்குன்னு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் இதமா இருக்கும். ஆனா டாக்டர் கண்காணிப்பு இல்லாம வாரக்கணக்கில் போட்டா கண்ணுக்குள் அழுத்தம் கூடி, கிளாக்கோமா வரலாம். அதில் போன பார்வை திரும்பாது. கண்புரையும் வரலாம். வீட்டில் இருக்கும் பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற பெயர் இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்ததா என்று பாருங்கள்.

வறட்சிக்கு டாக்டர்கள் தருவது பொதுவாகச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அது வேறு வகை. கடும் வலி, திடீரெனப் பார்வை மங்குவது, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம் இருந்தால் ஸ்க்ரீன் சோர்வு என்று விடாமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்க.