பழைய பாலமும் ஒரு காதற் கதையும்

தொழில் நாடி ஜீடிமெட்லாவில் குடியேறிய நம்மவருக்கு ஹைதராபாத் என்றதும் சார்மினாரே நினைவுக்கு வரும். அதற்கும் மூத்தது, மூசி நதியின்மேல் நிற்கும் புரானாபுல். அப்பெயரின் பொருளே பழைய பாலம் என்பதுதான்.

கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குதுப் ஷா 1578-ஆம் ஆண்டில் இதனைக் கட்டுவித்தார். நீளம் ஏறத்தாழ 600 அடி. கல் வளைவுகள் 22. ஹைதராபாத் நகரமோ 1591-இல்தான் தோன்றியது. எனவே, நகரத்தினும் பாலம் 13 ஆண்டு மூத்தது. பிற்காலத்தில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தாவெர்னியே, பாரிஸ் நகரத்துப் பாலமாகிய போன் நேஃபின் அழகுக்கு இது அதிகம் தாழ்ந்ததன்று என்று வியந்தார். அப்பாரிஸ் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியதும் 1578-இலேயே என்பது விந்தை!

இப்பாலத்தைப் பற்றி மக்கள் ஒரு கதை சொல்வர். ஆற்றுக்கு அப்பால் சிச்சலம் என்ற சிற்றூரில் பாகமதி என்னும் நங்கை வாழ்ந்தாள். அவளைக் காண விழைந்த இளவரசர் முகம்மது குலி, கரைபுரண்ட வெள்ளத்தில் குதிரையோடு இறங்கிவிட்டார். மகன் உயிருக்கு அஞ்சிய மன்னர் உடனே பாலம் கட்டப் பணித்தார் என்பது அக்கதை.

ஆண்டுக் கணக்கு இதற்கு இடம் தரவில்லை. பாலம் முடிந்தபோது இளவரசர் பதின்மூன்று வயதளவுச் சிறுவரே. பாகமதி என்று ஒருத்தி வாழ்ந்தாளா என்பதிலும் வரலாற்றாசிரியர் மாறுபடுகின்றனர். கோட்டையைத் தென்கரையோடு இணைக்க வேண்டிய தேவையே பாலத்துக்குப் போதிய காரணம்.

ஆயின், கதை முழுப் பொய்யா? இளவரசரைப் பற்றி எவ்வாறாயினும், ஆற்றைப் பற்றி அது பொய் கூறவில்லை. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி பெருகி, ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்றது. அதன் பின்னரே பொறியியலறிஞர் விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி வெள்ளத்தைத் தடுக்கும் நீர்த்தேக்கங்கள் எழுந்தன: உஸ்மான் சாகர் 1920-இலும், ஹிமாயத் சாகர் 1927-இலும் நிறைவுற்றன. ஆற்றைக் கடக்க அஞ்சிய தலைமுறைகளின் அச்சமே காதற் கதையாக உருவெடுத்தது போலும்.

இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு இதுவே சொந்த ஊர். அவர்களைப் பாலத்துக்கு அழைத்துச் சென்று கதையையும் சொல்லுவோம், கணக்கையும் சொல்லுவோம். இரண்டையும் அறிந்த பிள்ளை, ஊரை நேசிக்கவும் கற்கும். கேட்டதை ஆராயவும் கற்கும்.