கெடாததெல்லாம் முதிர்வதில்லை

சேலையூரில் வசிக்கும் நண்பர் ஒருவர், சங்க இலக்கியத்தில் என்னினும் ஆழ்ந்த பயிற்சி உடையவர், சென்ற மே மாதத்து மாலை ஒன்றில் என்னை வீட்டுக்கு அழைத்தார். லண்டனிலிருந்து வந்த அவருடைய தம்பி முந்தைய ஆண்டு கொடுத்துச் சென்ற பியர்ப் புட்டி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினார். 'இந்தியா பேல் ஏல்' என்னும் வகை. கசப்பும் மணமும் மிக்கது. ஆல்கஹால் 7 விழுக்காடு. பதினான்கு மாதங்கள் பரணில் கிடந்த புட்டியைத் துடைத்தபடி, "சார், இது இனிமே பியர் இல்ல, தேறல்" என்றார்.

பேராசிரியர் குடிக்கலாமா என்று கேட்கும் அன்பர்கள் அதற்கெனத் தனிக் கட்டுரை எழுதிக்கொள்ளலாம். இங்கு என் வழக்கு வேறு. கோப்பையில் ஊற்றிய பியர் பழுப்பேறியிருந்தது. நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை வந்தது. நாவின் அடியில் ஒரு வறட்டுக் கசப்பு; அதன்மேல் நிற்க வேண்டிய மணம் எதுவும் இல்லை. தம்பி இம்முறை கொண்டுவந்த அதே வகைப் புதுப்புட்டியையும் திறந்தோம். ஆரஞ்சுத் தோலும் பைன் மரப் பிசினும் கலந்த வாசம் அறையெங்கும் பரவியது. இரண்டையும் சுவைத்த நண்பர், பழையதற்கே 'ஆழம்' அதிகம் என்று தீர்ப்பளித்தார். நட்பு கருதி அன்று வாய் மூடியிருந்தேன். இன்று மூடப்போவதில்லை.

நண்பர் கட்சியின் வாதங்கள் மூன்று. முதலாவது, சங்க இலக்கியச் சான்று. புறநானூற்று 392ஆம் பாடலில் ஔவையார் நாள்பட்ட தேறலைத் தேளின் கடுப்போடு ஒப்பிடுகிறார். மலைபடுகடாத்தில் மூங்கிற்குழாயில் விளைந்த தேன் தேறல் வருகிறது. உண்மைதான், மறுப்பாரில்லை. ஆயினும் அது தேனில் விளைந்த மது. தானியத்தில் விளையும் பியருக்கு நெருங்கிய உறவு வேறொரு பாட்டில் இருக்கிறது. நம் தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன் செய்முறையையே தருகிறார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற பிழாவில் ஆற்றி, நல்லடை கலந்து, சாடியில் வைக்கிறார்கள். அந்த நல்லடையை முளை நெல்லின் மா என்பர் உரைகாரர். முளைவிட்ட தானியத்தைக் கொண்டு மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் இந்த நுட்பம்தான் பியரின் அடிப்படையும். அந்தச் சாடி எத்தனை காலம் காத்திருந்தது? இரண்டு பகல், இரண்டு இரவு. அவ்வளவே. எதை முதிரவிடுவது, எதை உடனே பருகுவது என்று நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. 'பழையது' என்ற ஒரு சொல்லைக் கண்டவுடன் கைகூப்புவது அவர்கள் வழக்கமன்று, நம் வழக்கம்.

இரண்டாவது வாதம் வரலாற்றுச் சான்று. மூன்றில் வலியதும் இதுவே. இந்தியாவின் பெயரைத் தாங்கிய இந்தப் பியர், கடலில் மாதக்கணக்கில் கிடந்து பக்குவப்பட்டதல்லவா என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகரத்து ஆல்சாப் முதலியோரும் அனுப்பிய பீப்பாய்கள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதங்களில் இங்கு வந்தன. துறைமுகம் இல்லாத அன்றைய சென்னையில் மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துச் சரக்கைக் கரை சேர்த்தன. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருந்த கும்பினிப் படை அதிகாரிகள் வெளிர்நிற ஏலைப் பருகினர். சாதாரணச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் கரிய போர்ட்டர்தான் கிடைத்தது.

பயணத்தில் அந்தப் பியர் பக்குவப்பட்டது உண்மை. ஆனால் அது எந்தப் பியர்? ஏறக்குறைய சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்தது. புதிதாகக் குடித்தால் நாக்கைச் சுடும் கசப்புடையது. கப்பலேறுமுன்பே பல மாதங்கள் மரப்பீப்பாயில் இருந்தது. அந்த மரத்தில் வாழ்ந்த ஒருவகை ஈஸ்ட், எஞ்சிய சர்க்கரையையும் உட்புகுந்த ஆக்சிஜனையும் மெல்ல உண்டு புதிய மணங்களைப் படைத்தது. 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் கிளாசன் என்பார் அதற்குப் 'பிரெட்டனோமைசிஸ்' என்று பெயரிட்டார். பொருள், பிரிட்டிஷ் பூஞ்சை. சேலையூர்ப் பரணில் கிடந்தது வடிகட்டி மூடிய கண்ணாடிப் புட்டி. அதனுள் மரமும் இல்லை, அந்த ஈஸ்டும் இல்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதற்காகக் குணமும் ஒன்றாகிவிடுமா? சொல் மாறாமல் பொருள் மாறும் என்பதை மாணவர்க்குக் கற்பிக்கும் நாமே இதில் ஏமாறலாமா?

மூன்றாவது வாதம்: கசப்பும் ஆல்கஹாலும் பியரைக் காக்கின்றன, ஆகவே இரண்டும் மிகுந்தது வைக்க வைக்கச் சிறக்கும். இதன் முற்பகுதி சரி. 'ஆகவே' என்ற சொல்தான் பிழை. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. அதன் கசப்புப் பொருள்கள் பியரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன. ஆல்கஹாலும் துணை நிற்கிறது. ஆனால் ஆக்சிஜனின் வேலையை இரண்டாலும் நிறுத்த முடியாது. பூவின் எண்ணெய்களிலிருந்து வரும் வாசமே முதலில் போகிறது. கசப்பும் படிப்படியாகக் குறைந்து முரடாகிறது. அட்டைப்பெட்டி வாடை தரும் சேர்மங்கள் தலைதூக்குகின்றன. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவிதி. மே மாதத்துத் தாம்பரத்தில் வெயில் 40 பாகையைத் தொடும். கான்கிரீட் கூரையை ஒட்டிய பரணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கெடாதிருத்தல் வேறு, முதிர்தல் வேறு. தாம்பரம் மார்க்கெட்டில் மாலையில் வாங்கிய மல்லிகைச் சரம் மறுநாள் காலையிலும் சரமாகத்தான் இருக்கிறது. அதன் மணம் முதிர்ந்துவிட்டது என்று யாரேனும் சொல்வாரா?

இந்தப் பியரை வடிப்பவர்களே இதை அறிவர். முசிறித் துறையையும் மிளகு வாணிகத்தையும் பற்றி எழுதியதால் நமக்கு அறிமுகமான உரோமானிய அறிஞர் மூத்த பிளினியின் பெயரில், கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை ஒரு பியர் வடிக்கிறது. 8 விழுக்காடு ஆல்கஹால், மிகுந்த ஹாப்ஸ். பெயரில் மூப்பு இருந்தும், சேமிக்காதீர், குளிரில் வைத்துப் புதிதாகவே பருகுக என்று அதன் சீட்டு கெஞ்சுகிறது. அதே மாநிலத்து ஸ்டோன் ஆலை 2012இல் தொடங்கிய ஒரு வரிசைக்கு, எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அந்தத் தேதியையே பெயராக வைத்தது.

விலக்கு உண்டு, மறைக்கமாட்டேன். 'பார்லி வைன்' எனப்படும், 10 விழுக்காட்டை ஒட்டிய, மால்ட் மிகுந்த பியர்கள் சில, குளிர்ந்த நிலவறையில் ஆண்டுகள் சில இருந்தால் உலர்திராட்சையும் செரி மதுவும் நினைவுக்கு வரும் சுவையை அடைகின்றன. ஆனால் அங்கும் வளர்வது மால்ட்டின் இனிமை, ஹாப்ஸ் தேய்கிறது. அதாவது, ஹாப்ஸ் மிக்க பியர் முதிர்ந்து சிறந்ததென்றால், அது ஹாப்ஸ் மிக்க பியராக இருப்பதை விட்டுவிட்டுச் சிறந்தது என்றே பொருள். நமக்கோ அந்த நிலவறையும் இல்லை. முடிச்சூரில் நிலவறை தோண்ட நினைப்பவர் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு புட்டிப் பியருக்கு இத்தனை ஆவேசமா என்று கேட்கலாம். என் கவலை புட்டியைப் பற்றியதன்று. இரு கோப்பைகள் எதிரில் இருந்தும், தம் நாவு சொன்னதை நண்பர் நம்பவில்லை. ஆண்டுக் கணக்கை நம்பினார். வகுப்பிலும் இதைத்தான் காண்கிறேன். பாட்டைப் படிக்குமுன் அதன் நூற்றாண்டைக் கேட்டு, கேட்டவுடன் வியக்கிற மாணவனுக்கு அந்தப் பாட்டு கடைசிவரை கிடைப்பதேயில்லை. பழமைக்கு நாம் செய்யும் மரியாதை, அதைச் சுவைத்துப் பார்ப்பதுதான்.

நண்பரின் பரணில் இன்னும் இரண்டு புட்டிகள் உள்ளன. இதைப் படித்தபின் அவர் அவற்றைக் குளிர்பெட்டிக்கு மாற்றினாலும் பயனில்லை. மணம் போனது போனதுதான். தம்பி கொண்டுவந்த புதிய புட்டிகளையேனும் இந்த வாரமே திறக்கட்டும். அழைத்தால் நானும் வருவேன்.