எந்த உயர்வு?

2025 தொடக்கத்தில் பாரிட் புந்தாரில் உறவுக்காரப் பையன் ஒருவன் தொழிற்சாலைக் கடிதத்தை நீட்டி, "மாமா, எனக்குப் புரமோஷன் கிடைச்சிருச்சு" என்றான். வாங்கிப் படித்தேன். 1,500 ரிங்கிட் சம்பளம் 1,700 ஆகியிருந்தது. வேலை அதே ஆப்பரேட்டர் வேலைதான். அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சட்டம் சொன்னதை முதலாளி கொடுத்திருந்தார், அவ்வளவுதான். கடிதத்தில் இருந்த சொல் 'அட்ஜஸ்ட்மெண்ட்'.

பையனைக் குறை சொல்ல முடியாது. தமிழில் சம்பளம் கூடினாலும் உயர்வு, பதவி கூடினாலும் உயர்வு. மலாயிலும் 'கெனைக்கான் காஜி', 'கெனைக்கான் பங்காட்' என்று ஒரே சொல்தான் முன்னால் நிற்கிறது. ஆங்கிலம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.

புரமோஷன் என்றால் பதவி மாற வேண்டும். தோட்டத்தில் நம் தாத்தாக்களுக்கு இது தெளிவாகத் தெரியும். கூலி சில காசு ஏறினாலும் பால்மரம் வெட்டுபவர் வெட்டுபவர்தான், கங்காணியானால்தான் உயர்வு. கிராணி நாற்காலிக்கோ ஆங்கிலம் வேண்டும். அதனால் அதில் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் அமர்ந்தார்கள்.

இன்கிரிமெண்ட் என்பது அதே பதவியில் இருந்தபடி சம்பளம் கூடுவது. அரசு ஊழியருக்கு ஆண்டுதோறும் கிடைப்பது இதுதான். தனியார் துறையில் ஆண்டுக்கொரு முறை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கன்ஃபர்மேஷன் என்பது சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமாவது. அதைப் புரமோஷன் என்று சுயவிவரத்தில் எழுதிவிட்டு நேர்முகத் தேர்வில் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ஐ புரமோட்டட்' என்று எழுதுவதும் உண்டு. அப்படியென்றால் நீங்கள் வேறு யாரையோ உயர்த்தினீர்கள் என்று பொருள். 'ஐ வாஸ் புரமோட்டட்' என்பதே சரி.

எனக்குப் பயம் 'அட்வான்ஸ்மெண்ட்' மீதுதான். வேலை விளம்பரங்களில் இதற்கு வாய்ப்பு உண்டு என்று தாராளமாகப் போடுவார்கள். முன்னேற்றம் என்ற பொதுச் சொல் அது. பதவியையும் உறுதி சொல்லாது, பணத்தையும் சொல்லாது. வாலைக் கத்தரித்தால் அட்வான்ஸ். அந்த முன்பணத்தையும் அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்!

பையன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். "அப்படின்னா இந்த வருஷ இன்கிரிமெண்ட் எங்கே மாமா?" என்றான். அதை அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன்.